வயிற்றை எக்கிய கார்

1967 பங்குனியில், விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுப் பட்டறையில், அப்துல் குத்தூஸ் தன் மாமியார் தும்முவதை நடித்துக் காட்டும்போது ஜாக்கியைத் தட்டிவிட்டதால், சக்கரம் கழற்றியிருந்த பந்தயக் கார், அடியில் படுத்திருந்த மச்சான் அமானுல்லாவின் வலது கைமேல் இறங்கி மூன்று விரல்களை நசுக்கியது. பிறகு தானாக ஒரு சாண் மேலே எழும்பி, அவன் கையை இழுத்துக்கொண்டு வெளியே உருளும்வரை அந்தரத்தில் நின்று, மெதுவாக இறங்கியது. ஓடி வந்தவர்கள் ரத்தத்தை மட்டும்தான் பார்த்தார்கள். கார் நின்றதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஊரறிந்த கோமாளி, இன்னொருவன் அலறிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த விரல்களைக் கைக்குட்டையில் முடிந்து மங்கலம்பேட்டைக் கபர்ஸ்தானில் புதைத்த குத்தூஸ், "முழு ஆளு வர்றப்போ எடம் தெரியணும்ல" என்று சொன்னதற்காக மாமியாரிடம் செருப்படி வாங்கினான். அன்று ராத்திரி தனியாகப் போய் அழுததை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, "மச்சான், அது தானாத்தானே தூக்குச்சு?" என்று கேட்டான். பொய்யை அத்தனை அழகாகச் சொல்லிப் பழகியவனுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம். "கார் என்னா காக்காயா, பறக்குறதுக்கு?" என்று அமானுல்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கை ஆறியதும் ஸ்ரீமுஷ்ணம் பஸ் முதலாளி சாமிதுரையிடம் மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டான். அவரும் பந்தயக் கார் வைத்திருந்தார்.

உளுந்தூர்ப்பேட்டையில் வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் வருஷா வருஷம் பந்தயம் நடந்தது. வயிறு தரையை ஒட்டிய கார் வளைவில் வழுக்காமல் போகும். ஆனால் சிமென்டுப் பலகை பெயர்ந்த இடத்தில் தட்டினால் குட்டிக்கரணம்தான். அப்படி ஆள் செத்த பிறகு ஒரு விதி போட்டார்கள். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பை ஒன்றைத் தரையில் நிமிர்த்தி வைத்து அதன்மேல் காரை உருட்டுவார்கள்; கோப்பை உடைந்தால் கார் வெளியே. முதல் அளவுக்குப் பிறகு ஸ்பிரிங்கில் யாரும் கை வைக்கக் கூடாது. இரும்பு அளவுகோல் என்றால் அரம் வைத்து ராவிவிடலாம். பீங்கான் உடைந்தால் டீக்கடைவரை கேட்கும்.

குத்தூஸ் பழுதுபார்த்துவந்த அந்தக் கார் கோப்பையைக் கண்டதும், கல்யாண போட்டோவுக்கு நிற்கும் தொந்திக்காரர்போல வயிற்றை எக்கிக்கொண்டது. ஓட்டத்தில், அடியில் யாரும் இல்லை என்று தெரிந்ததும், தரையோடு தரையாகப் படுத்துத் தீப்பொறி பறக்கப் பாய்ந்தது. ஓரத்துப் புல் எரிந்தது. சம்பளத்துக்கு ஓட்டிய பழமலை மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தான். ஒருமுறை பாதையில் படுத்திருந்த நாயின்மேல் கார் எழும்பிப் போனது. நாய்க்குத் தூக்கம்கூடக் கலையவில்லை. கார் முதலாளி மாணிக்கவேல், கப்பும் சாசரும் சுடும் கம்பெனிக்காரர், எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. சாமிதுரை கேட்டார். ஏதோ சூது என்று புகார் கொடுத்து, காரை ஓடுதளத்திலேயே நட்டு நட்டாகக் கழற்றவைத்தார். உள்ளே ஒரு பல்லி கிடைத்தது. திரும்ப மாட்டியபோது ஒரு நட்டு மிச்சமானது; அதுவும் சூது என்றார்.

1970இல், சூது என்னவென்று தெரியாமலே அதைத் தானும் செய்வது என்று தீர்மானித்தார். கோப்பை அளவு முடிந்ததும், ஓட்டம் முடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபடி, அமானுல்லா மிச்ச விரல்களால் ஸ்பிரிங்கை இறக்கினான். ஓட்டியது சாமிதுரையின் தம்பி அர்ச்சுனன். இரண்டாவது சுற்றில் பலகை விளிம்பு வயிற்றில் தட்டி, கார் உருண்டு, ஸ்டியரிங் தண்டு அவன் நெஞ்சில் இறங்கி முதுகில் வந்தது. அண்ணனின் பஸ்ஸிலேயே அவனை ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழியில் கைகாட்டியவர்களுக்கெல்லாம் டிரைவர் பழக்கதோஷத்தில் நிறுத்தி நிறுத்திப் போனார்.

குத்தூஸின் சூதுதான் தம்பியைக் கொன்றது என்று சாமிதுரை முடிவுகட்டினார். பட்டறை எரிந்தது. ஸ்பானரால் அடித்ததில் குத்தூஸுக்கு முன்பல் நான்கு போயின. மனைவி ஜைத்தூன் பீவி கஞ்சி ஊட்டும்போது, "நல்லதாப் போச்சு, இனிமே ஒங்கம்மா தும்முறத அச்சு அசலாச் செய்வேன்" என்றான். அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் குத்தூஸ் அமானுல்லாவைத் தேடிப் போனான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சூது இல்லை என்று ஆகிவிடும். "டீ குடிச்சிட்டுப் போ மச்சான்" என்பதோடு சரி.

1973 பந்தயத்தன்று சாமிதுரையின் ஆட்கள் பழமலையை அடித்து விரட்டிவிட்டு, காரை ஜாக்கியில் ஏற்றி, நான்கு சக்கரத்தையும் கழற்றி, அடியில் குத்தூஸைக் கிடத்தினார்கள். "அடியில உசுரு இருந்தா தூக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறியாமே. பாத்துடலாம்" என்றார் சாமிதுரை. "மெதுவாங்க மொதலாளி, எனக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்ற குத்தூஸுக்கு ஏற்கனவே கைலி நனைந்திருந்தது. ஜாக்கியை உதைத்தார்கள். கார் விழுந்தது, சட்டைப் பொத்தானைத் தொட்டது, நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக மேலே ஏறிக் குதித்தார்கள். சாமிதுரை உள்ளங்கை கிழிய, கடப்பாரையால் பானெட்டை அடித்தார். கடைசியில் அவரும் ஏறி உட்கார்ந்து, தம்பி பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தார். கார் எல்லோரையும் தாங்கிக்கொண்டு நின்றது.

அளவு பார்க்கும் அதிகாரி குனிந்து, குத்தூஸின் விலா ஓரமாகக் கோப்பையை நுழைத்துப் பார்த்தார். "கோப்பை ஒடையல. ஸ்பிரிங்குல யாரும் கை வெக்கல. வண்டி விதிப்படிதான் இருக்குது. எறங்குங்க, சக்கரத்த மாட்டணும், நேரமாவுது" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

யாரும் இறங்கவில்லை. குத்தூஸ் தலையைத் திருப்பியபோது, அமானுல்லா இரண்டு விரல் கையை ஊன்றி அடியில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். இன்னொரு ஆளுக்காகக் கார் இன்னும் கொஞ்சம் எக்கியது. இருவரும் தோளோடு தோள் மல்லாந்து கிடந்தார்கள்.

"மச்சான், அன்னைக்கி…" என்று தொடங்கினான் குத்தூஸ்.

"தானாத்தான் தூக்குச்சு" என்றான் அமானுல்லா, மேலே இருப்பவருக்கும் கேட்கும்படி. "கண்ணால பாத்தேன். சொல்லிட்டா ஒன்மேல இருந்த கோவத்த எங்க கொண்டுபோயி வெக்கிறதுன்னு தெரியல. அன்னைக்கே சொல்லியிருந்தா, இத சூதுன்னு நெனச்சு நாங்களும் ஸ்பிரிங்க எறக்கியிருக்க மாட்டோம். அர்ச்சுனன் இருந்திருப்பான்."