பதினோராம் இலக்கத் தகடு

“எங்கேஜ் எண்டால் என்ன?” என்று பேர்ணடெற் கேட்டாள்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டு முன்னறை. சனிக்கிழமை பின்னேரம். மேசையில் துறைமுகக் கம்பனி அனுப்பிய ஆங்கிலக் கடிதம். அவளுடைய அண்ணன் ஒஸ்வால்ட் செத்து இரண்டு மாதம். எனக்கும் அவளுக்குமான கலியாண ஓலை மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று, மூன்றாவது, நாளைக்கு. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமி கேட்ட இரண்டு முறையும், தடை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன்.

பேர்ணடெற் ஹெவ்லொக் டவுனில் ஒரு துரை வீட்டில் பிள்ளை பார்க்கிறவள். கலியாணம் பேசியதைச் சொன்னபோது வீட்டுக்கார நோனா இதே சொல்லைச் சொல்லித்தான் வாழ்த்தினாளாம். அண்ணன் செத்த கடிதத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆங்கிலம் வாசிப்பேன் என்ற தலைக்கனம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் தயங்காமல் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினேன். கலியாணத்தில் அது வாக்கு, பின்வாங்கக் கூடாது. கிரேனில் பல்லுச் சக்கரத்துக்கு மேலே ஓர் இரும்பு நாக்கு இருக்கும். அதை விழுத்தினால் பல்லில் கொளுவிக்கொள்ளும், கைப்பிடியை விட்டாலும் சுமை இறங்காது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்.

“அப்ப அண்ணை அதைக் கொளுவேல்லையோ?”

கடிதத்தைத் தமிழில் சொன்னேன். நாலாம் இலக்கக்காரன் ஒஸ்வால்ட் நாக்கைக் கொளுவவில்லை. கிரேனை விட்டுக் கீழே போனான். அவன் சாவுக்கு அவனே பொறுப்பு.

அவன் செத்த அன்று எனக்கு முதுகு வலி. கீழே நின்று மூடை கட்டுவது என் வேலை, கிரேன் அவனுடையது. நான் படும் பாட்டைப் பார்த்து, “மச்சான், நீ மேல வா” என்று அவன் இடம் மாறினான். வேலை மாற அனுமதி இல்லை. மேற்பார்வைக்காரன் பார்த்தாலும் பிடிபடாமலிருக்கச் சட்டையில் குத்தும் இலக்கத் தகடுகளையும் மாற்றிக்கொண்டோம். கம்பனிக் கந்தோர்ப் புத்தகத்தில் மட்டும், யாருக்கு எந்த வேலை என்று காலையில் எழுதியது எழுதியபடி கிடந்தது. அரிசி மூடைகள் தொங்கும்போது உள்ளங்கை வியர்த்தது. நாக்கு விழுந்துவிட்டது என்று நம்பி, கைப்பிடியை விட்டு இடுப்புச் சாரத்தில் கை துடைத்தேன். ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை.

விசாரணையில் புத்தகத்தைப் பார்த்தே எல்லாம் எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் சட்டையிலிருந்த நாலாம் தகட்டைக் கடலில் எறிந்தேன்.

அன்று வராத சத்தம் இப்போது எங்கேயும் வருகிறது. யாராவது கதவுக்குத் தாழ் போட்டால் கையிலிருப்பதை இறுக்கிப் பிடிக்கிறேன். செத்தவன் தினமும் வேலைக்கு வருகிறான். கிரேனுக்குக் கீழே, அதே இடத்தில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோபமாக நின்றாலாவது தாங்கலாம். முதுகு எப்படியிருக்கு என்று கேட்கிற முகம் அது.

பேர்ணடெற் எழுந்து பெட்டியிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்துவந்து கடிதத்தின் மேல் வைத்தாள். பதினொன்று.

“அண்ணையின்ரை சேட்டோட ஆஸ்பத்திரியில தந்தவை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இலக்கம் தெரியும். துறைமுக வாசலில கேட்டனான். அது கிளெமென்ற்றின்ரை எண்டு சொன்னவங்கள்.”

கிளெமென்ற் நான்தான். எப்போது கேட்டாய் என்றேன். முதலாம் ஓலைக்கு முதல்நாள் என்றாள். அந்த இரண்டு ஞாயிறும் பெண்கள் பக்கத்தில் அவளும் முழங்காலில்தான் இருந்திருக்கிறாள்.

“நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப விரலைக் கோத்துக் காட்டேக்கையும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

பிறகு கடதாசியும் பேனையும் கொண்டுவந்தாள். நாக்கைக் கொளுவவில்லை என்று கம்பனி எழுதிய அதே வசனத்தை ஆங்கிலத்திலேயே எழுதச் சொன்னாள், பெயரை மட்டும் மாற்றி. எழுதினேன். அவள் என் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாமென்று சுவாமியிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை நான் எழுதிய கடிதத்தோடு துறைமுகத்துக்குப் போனேன். கந்தோருக்குப் போகிற வழியில் கிரேனுக்குக் கீழே பார்த்தேன். ஒஸ்வால்ட் அங்கே இல்லை. அவன் செத்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, அன்றைக்குத்தான் அவனுக்காக அழுதேன்.