எந்த உடம்புக்கும் போகாத சாரம்

ஜெபீனாவுக்கு அந்தக் கணக்கில் முதலிலிருந்தே ஓர் உறுத்தல் இருந்தது. முயல்களின் தொடை எலும்பில் துளையிட்டு, பீங்கான் போன்ற பொருளில் அச்சிட்ட சின்னச் சாரத்தை உள்ளே வைத்திருந்தார்கள். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரிதான். அதைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளர வேண்டும். பன்னிரண்டு வாரம் கழித்து மைக்ரோ சிடி ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, நாற்பத்தொரு சதவீதம் எலும்பு என்றது கணினி. ஒன்றும் வைக்காமல் விட்ட துளையில் பதினெட்டுதான்.

ஆனால் படத்தில் எலும்பும் வெள்ளை, சாரமும் வெள்ளை. எவ்வளவு வெளுப்புக்கு மேல் எலும்பு என்பதை ஆள்தான் குறிக்க வேண்டும். குறித்தவர் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் தனசேகரன். ஒரு மதியம், எந்த உடம்புக்குள்ளும் போகாத புதுச் சாரம் ஒன்றை, அவர் குறித்த அதே வெளுப்புக் கணக்கில் வைத்துப் பார்த்தாள். அதிலும் இருபத்துமூன்று சதவீதம் எலும்பு இருந்தது! நாற்பத்தொன்றில் அதைக் கழித்தால் மிச்சம் அதே பதினெட்டுதான்.

படத்தைப் பார்த்த தனசேகரன் கோபப்படவில்லை.

"ரிப்போர்ட் போயாச்சும்மா. மனுஷங்களுக்கு வெக்க அனுமதியும் வந்தாச்சு. உன் தீசிஸும் இந்த நம்பர்லதான் நிக்குது. நான் கையெழுத்துப் போடலைன்னா நாலு வருஷமும் போச்சு." பிறகு சொன்னார்: "திங்கக்கெழம மலையிலேருந்து மொத பேஷண்ட் வராங்க. சம்மத ஃபாரத்த நீயே படிச்சுக் காட்டு. உன் பேச்சு அவங்களுக்குப் புரியும்."

சின்னசேலத்தில் அத்தா கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மகள் டாக்டர் பட்டம் வாங்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அமிர்தம் ஊன்றுகோலோடு வந்தாள். மரவள்ளி ஏற்றிய வண்டி கல்வராயன் மலைப் பாதையில் கவிழ்ந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனவள். பதினாலு மாதமாகக் காலுக்கு வெளியே கம்பிகள். ஜெபீனா இரண்டு பக்கம் படித்தாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும்மா. முயலுக்கு எலும்பு வளந்துச்சா?"

கதவுக்கு வெளியே தனசேகரன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"வளந்துச்சுங்கக்கா. ஒண்ணும் வெக்காத ஓட்டையிலயும் அவ்ளோதான் வளந்துச்சு."

"இத்தச் சொல்லத்தான் ரெண்டு பஸ்ஸு மாறி வரச் சொன்னீங்களா? எனக்கு வேற இன்னா கீது?"

"இடுப்பெலும்புலேருந்து எடுத்து வெக்கிற ஆபரேஷன் இருக்குதுங்க."

"அதுக்குப் பேரு குடுத்து ஏழு மாசமா கூப்புடல." அமிர்தம் அவளை முறைத்தாள். "கையெழுத்துப் போடட்டா, வேணாவா?"

"போடாதீங்கக்கா."

அன்றைக்கே அந்தப் புதுச் சாரத்தின் படத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். சோதனை நிறுத்தப்பட்டது. தனசேகரன் அவளோடு பேசுவதை விட்டார். வேறு யாரும் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. விட்டுவிட்டுப் போனால் நாலு வருஷமும் வீண். தினமும் பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடவுச்சொல் மாற்றப்பட்ட கணினிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அமிர்தம் போன் செய்தாள். இடுப்பெலும்பு எடுத்து வைக்கிற ஆபரேஷன் முடிந்திருந்தது.

"ஒட்டுமாம்மா?"

"எக்ஸ்ரே எடுத்தாத்தாங்க தெரியும். மூணு மாசம் ஆவும்."

"அதுவரைக்கும் படுத்துக்கினே கெடக்கணும். நீ இன்னா பண்ணிக்கினு கீற?"

ஜெபீனா கணினியின் இருண்ட திரையைப் பார்த்தாள்.

"குந்திக்கினு இருக்கேங்கக்கா," என்றாள்.