எத்தனை தடவை

வரப்பு மைக் என்ற பாட்காஸ்ட் அறுபத்திரண்டு வாரம் ஓடியிருந்தது. அறுபத்திரண்டு ராப் பாடகர்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கேள்விகளுக்கு, ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கேள்விகள் சகாயராஜ் எழுதியவை. தாளை லேமினேட் செய்து வைத்திருந்தான். டீ கொட்டினாலும் கேள்வி அழியாது. 'உங்க பயணத்தைப் பத்திச் சொல்லுங்க' என்று ஆரம்பித்து, 'இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க' என்று முடியும். நடுவில் 'ஹேட்டர்ஸுக்கு உங்க பதில் என்ன' என்று ஒன்று. நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த தமிழரசனுக்கு அப்போது மொத்தமே நாற்பது பேர்தான் கேட்பவர்கள். "இன்னும் யாரும் வரலண்ணே. வந்தா சொல்றேன்" என்றான். இத்தனை வாரத்தில் காதில் விழுந்த நல்ல பதில் அது ஒன்றுதான் என்பாள் மாலதி.

ஒலிப்பதிவு, வெட்டு, ஒட்டு எல்லாம் மாலதிதான். சகாயராஜோடு கல்லூரியில் படித்தவள். மைக் அவளுடையது. இடமும் அவளுடையது. திருவையாற்றில் அவள் அப்பா நடத்தும் சவுண்ட் சர்வீஸின் குடோன். எதிரொலி அடங்குவதற்காகச் சுவர் முழுக்கப் பழைய அரிசி மில் சாக்குகளைத் தைத்து மாட்டியிருந்தாள். சென்னையிலிருந்து வரும் பாடகர்கள் சாக்கை முகர்ந்து, மண் வாசனை என்று கண்ணை மூடுவார்கள். அது எலி மருந்தின் வாசனை.

அந்த வாரம் அவள் சகாயராஜுக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கேட்பவர்களின் கோடு. மூன்று நிமிஷம் வரை நேராகப் போய், நாலாவதில் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கியது.

"நாலாவது நிமிஷத்துலதான் பயணத்தைப் பத்திக் கேக்குற" என்றாள்.

"அது முக்கியமான கேள்வி, மாலதி."

"நானும் அங்கதான் தூங்கிடறேன். எடிட் பண்றவளே தூங்கினா அது என்ன நிகழ்ச்சி? இங்க பாரு சகாயம். சென்னையில ஒரு கம்பெனி கூப்பிடுது. திங்கக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை பசி வர்றான்ல? அவன் பேசும்போதும் எனக்குத் தூக்கம் வந்துச்சுன்னா நான் வண்டி ஏறிடுவேன். மைக்கும் என்னோட வரும்."

பசி என்றால் எம்.சி. பசி. 'வெறும் வயிறு' என்ற அவன் பாட்டை இரண்டு கோடி பேர் கேட்டிருந்தார்கள். அந்த ஒரு பாட்டோடு பத்தொன்பது பாட்காஸ்டுக்குப் போய் வந்திருந்தான். சொந்த ஊருக்கு வந்தவன், போகிற வழியில் ஒரு மணி நேரம் தருகிறேன் என்றிருந்தான். சகாயராஜ் பத்தொன்பதையும் ஓடவிட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் பசி ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி தண்ணீர் குடித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளமென்ட் குடோனுக்கு வந்தான். சகாயராஜோடு பத்தாவது வரை படித்தவன். இப்போது உதவிப் பங்குத் தந்தை. அங்கி போட்டிருந்தால் சகாயராஜ் அவனை ஃபாதர் என்பான். இல்லாவிட்டால் டேய். அன்றைக்கு அங்கி இருந்தது. தவக்காலம். சிலுவைப்பாதைக்குக் குழாய் ஸ்பீக்கர் சொல்லிவிட்டுப் போக வந்தவன், நாற்காலியில் சரிந்தான்.

"காலையிலேருந்து பாவசங்கீர்த்தனம். நூத்தி நாப்பது பேரு."

"சுவாரசியமா இருக்குமே ஃபாதர்" என்றாள் மாலதி.

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாரும் ஒண்ணையேதான் சொல்றாங்க. கோபப்பட்டேன் சாமி. பொய் சொன்னேன் சாமி. பொறாமைப்பட்டேன் சாமி. மனப்பாடம்."

"தூக்கம் வராதா?"

"வரும். அப்ப எத்தனை தடவைன்னு கேப்பேன். அது கேக்கணும், விதி. ஆள் முழிச்சுக்குவான். நானும் முழிச்சுக்குவேன்."

மாலதி சிரித்தாள். சகாயராஜ் சிரிக்கவில்லை. அவன் லேமினேட் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மதியம் பசி வந்தான். வெள்ளைக் கார். கிழிந்த பனியன். கிழிசல் இரண்டு பக்கமும் ஒரே அளவு. உட்காரப் போனவன், பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

"ப்ரோ, இந்தப் பக்கம் வேணாமே. அந்தச் சுவர் நல்லாருக்கு."

நாற்காலியை நகர்த்தினார்கள். மைக்கை நகர்த்தினார்கள். மாலதி விளக்கையும் நகர்த்தினாள்.

சகாயராஜ் நெஞ்சில் கை வைத்து ஆரம்பித்தான். "'வெறும் வயிறு' என் உயிரக் காப்பாத்துன பாட்டு ப்ரோ." அறுபத்திரண்டு பேரிடமும் இதைச் சொல்லியிருந்தான். பாட்டின் பெயர்தான் மாறும்.

நாலாவது நிமிஷம் பயணம் வந்தது. பசி பேசினான். குக்கிராமம். ஓட்டு வீடு. யாரும் நம்பவில்லை. கனவு மட்டும் இருந்தது. சகாயராஜ் ஓரக்கண்ணால் பார்த்தான். மாலதியின் தலை மெல்ல முன்னால் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்தது.

"சாப்பாடு இல்லாம படுத்திருக்கேன் ப்ரோ. வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்திருக்கேன்." பசி நிறுத்தினான். தண்ணீர் குடித்தான்.

"எத்தனை தடவை?" என்றான் சகாயராஜ்.

பாட்டில் வாயிலேயே நின்றது. "என்ன ப்ரோ?"

"சாப்பிடாம படுத்தது. எத்தனை தடவை?"

"நிறைய தடவை."

"நிறையன்னா?"

"ப்ரோ, பசிக்கு ஏது ப்ரோ கணக்கு?"

நல்ல வாக்கியம். போன வாரமாக இருந்தால் சகாயராஜ் அதைப் பெரிய எழுத்தில் போட்டு முகப்புப் படம் செய்திருப்பான். ஆனால் மாலதியின் தலை நிமிர்ந்திருந்தது.

"ஒரு பத்து இருக்குமா?"

"பத்தெல்லாம்... இல்ல."

"அஞ்சு?"

"ஒண்ணுன்னு வச்சுக்கங்களேன்."

"என்னைக்கு?"

பசி பாட்டிலின் மூடியைத் திருகினான். "பெரிய வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கு ஊரே ஒருசந்தி ப்ரோ. நானுந்தான் சாப்பிட மாட்டேன். மத்தியானம் கோயில்ல கஞ்சி ஊத்துவாங்களே?"

"ஊத்துனாங்க."

"குடிச்சீங்களா?"

"ரெண்டு டம்ளர்."

மாலதி வாயைப் பொத்திக்கொண்டாள். போதவில்லை. சிரிப்பு மைக்கில் ஏறியது. அதே வேகத்தில் அவள் கேட்டாள், "சார், வந்ததும் நாற்காலிய ஏன் நகர்த்தச் சொன்னீங்க?"

மூன்று பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். நடுச் சாக்கில் பச்சை மையில் அச்சு: சவரியப்பன் மாடர்ன் ரைஸ் மில்.

"எங்க அப்பா" என்றான் பசி.

சகாயராஜ் தாளைப் பார்த்தான். இந்த இடத்துக்கு அதில் கேள்வி இல்லை. அதனால் தனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததைக் கேட்டான்.

"அப்ப எதுக்கு ப்ரோ பாட வந்தீங்க?"

"பாடக் கூடாதுன்னு சொன்னாங்க. அதான்."

"அப்பாவா?"

"அப்பா ஒண்ணும் சொல்லல. கோயில் பாடகர் குழுல மரியபுஷ்பம் டீச்சர். எனக்குச் சுருதி சேராது. ஆனா உயரமா இருப்பேன், பின் வரிசை நிறையணும்ல? அருள்ஜோதி, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாதுன்னுட்டாங்க."

"எத்தனை தடவை?"

"ஆறு கிறிஸ்துமஸ். ரெண்டு ஈஸ்டர். ஒரு பிஷப் வருகை."

யோசிக்கவே இல்லை. கேள்வி முடியும் முன்பே எண் வந்துவிட்டது.

"ஏழாவது கிறிஸ்துமஸ்ல பொறுக்கல ப்ரோ. ராகம் இழுக்கறாங்கள்ல, அந்த இழுப்புக்குள்ள வார்த்தைய மட்டும் குசுகுசுன்னு வேகமாச் சொல்லிப் பாத்தேன். அவங்க ஒரு வரி பாடி முடிக்கறதுக்குள்ள நான் மூணு தடவை சொல்லிட்டேன். யாருக்கும் தெரியல. அப்படியே பழகிடுச்சு." செய்து காட்டினான். இடது கையால் டீச்சரின் தாளம். வாய் கிட்டத்தட்ட அசையவில்லை. பன்னிரண்டு விநாடி இருக்கும். மாலதி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு பசி முன்னால் சாய்ந்தான். "ஒண்ணு கேக்கவா ப்ரோ? என் பாட்டு உங்க உயிரக் காப்பாத்துச்சுன்னீங்க. எத்தனை தடவை கேட்டீங்க?"

சகாயராஜுக்குக் காது சூடானது. "ஒரு தடவை."

"முழுசா?"

"முழுசாத்தான். ஒன்றரை மடங்கு வேகத்துல."

"உக்காந்தா?"

"பல்லு தேச்சுக்கிட்டு."

மைக்கை நிறுத்தியதும் இருவரும் ஒரே குரலில் பேசினார்கள். இதை வெட்டிவிட வேண்டும். என் பேரே பசி ப்ரோ, நாளைக்கு எவன் மதிப்பான் என்றான் ஒருவன். அறுபத்திரண்டு பேரும் சண்டைக்கு வருவார்கள் என்றான் மற்றவன். முதலிலிருந்து எடுத்தார்கள். தாளின்படி. பயணம், வலி, ஹேட்டர்ஸ், இளைஞர்கள். நாற்பது நிமிஷம். தண்ணீர் குடிக்கிற இடத்தில் பசி தண்ணீர் குடித்தான். நாலாவது நிமிஷத்தில் மாலதி மேசையில் தலை வைத்துத் தூங்கிப் போனாள்.

எழுந்ததும் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"ரெண்டும் இருக்கு. எதப் போடறதுன்னு நீ சொல்லு" என்றாள். "டிக்கெட்ட கேன்சல் பண்ணா கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க. பரவாயில்ல."

சகாயராஜ் வெளியே போனான். பசி காரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ரெண்டாவது மொக்கையா இருந்துச்சுல்ல?" என்றான் பசி.

"ஆமா."

"அந்த டீச்சர் மேட்டர் நல்லா வந்துச்சுல்ல?"

"ரொம்ப."

பசி செருப்பால் தரையைக் கீறினான். பேருக்கும் கலைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றான். "முதல்ல எடுத்ததையே போடுங்க. ஆனா நீங்க பல்லு தேச்சது உள்ள இருக்கணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது."

சகாயராஜ் தலையாட்டினான். மாலதி திங்கட்கிழமை வண்டி ஏறவில்லை.

அந்தப் பதிவை இருபத்தாறு லட்சம் பேர் கேட்டார்கள். கோடு நாலாவது நிமிஷத்தைத் தாண்டி மேலே ஏறியது. பசியை யாரும் அவமதிக்கவில்லை. ரைஸ் மில்காரர் மகன் என்று தெரிந்த பிறகு கல்யாண வரன் வந்தது. மரியபுஷ்பம் டீச்சர் கீழே கருத்து எழுதியிருந்தார்: 'கேட்டேன். இப்பவும் சுருதி சேரல.'

தமிழரசனும் ஒரு வரி எழுதியிருந்தான். 'எனக்கு நாலு நாள்ணே. கஜா புயல் அப்போ.' சகாயராஜ் அதற்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்த கருத்துக்குப் போனான்.

அவனுக்கு வேலை இருந்தது. புதுத் தாள் லேமினேட் செய்தான். 'எத்தனை தடவை' என்பது அதில் ஒன்பது இடத்தில் இருந்தது. அடுத்த மாதம் கும்பகோணத்தில் ஒரு பாட்காஸ்டும் திருச்சியில் இரண்டும் அதையே கேட்டன. பாடகர்கள் எண்ணோடு வர ஆரம்பித்தார்கள். 'பதினேழு தடவை தோத்தேன் ப்ரோ.' 'மூணு தடவை அழுதேன் ப்ரோ, இப்ப நாலாவது.' ஒருவன் டைரியே கொண்டுவந்தான்.

கிளமென்ட் போன் செய்தான். "டேய், உன்னாலடா. இப்ப எல்லாரும் நம்பரோட வர்றான். நான் வாயத் திறக்கறதுக்குள்ள கோபம் பன்னெண்டு, பொய் ஏழுன்னு ஒப்பிச்சிடறான். எனக்கு மறுபடி தூக்கம் வருது."

மாலதிக்கும் வந்தது. ஒரு ஞாயிறு, பதிவு முடிந்து ஆள் போன பிறகு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். சென்னைக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தியிருக்கவில்லை. அது சகாயராஜுக்கும் தெரியும்.

"இந்தக் கேள்விய இதுவரைக்கும் எத்தனை தடவை கேட்டிருக்க?" என்றாள்.

"நூத்திப் பதினொண்ணு" என்றான். உடனே வந்தது.

அவள் ஹெட்போனை எடுக்கவில்லை. போகவும் இல்லை.

அன்று சகாயராஜ் தமிழரசனின் பழைய பதிவைத் தேடி எடுத்தான். முதல் தடவையாக, உட்கார்ந்து, சாதாரண வேகத்தில் கேட்டான். மறக்க முடியாத வலி என்ன என்று அவனே கேட்கிறான். "புயல் அப்போண்ணே, நாங்க" என்று தமிழரசன் ஆரம்பிக்கிறான். "சூப்பர் ப்ரோ" என்கிறது சகாயராஜின் குரல். "ஹேட்டர்ஸுக்கு உங்க பதில் என்ன?"

இரண்டு தடவை பின்னால் ஓட்டிக் கேட்டான். பிறகு தமிழரசனைக் கூப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு தமிழரசன் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். இப்போது அவனைக் கேட்பவர்கள் அறுபது பேர்.

"கேளுங்கண்ணே. நாலுன்னு ரெடியா வச்சிருக்கேன்."

"அது வேணாம்" என்றான் சகாயராஜ். அவன் கையில் தாள் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தான். "போன தடவை புயல் அப்போ, நாங்கன்னு ஏதோ சொல்ல வந்த. நான் விடல."

தமிழரசன் அவனைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. சகாயராஜும் ஒன்றும் கேட்கவில்லை.

மாலதி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.