ஆளுக்குப் பாதி

சடலம் வைத்த குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் ஈரம் படரப் படர ஷாலின் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் அண்ணன் ரிச்சர்டின் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். உள்ளே அவன் மூச்சு விடுவதுபோலவே இருந்தது. அப்படியே இருக்கட்டுமே என்று இரண்டொரு தடவை துடைக்காமலும் விட்டாள்.

சேரப்பணஞ்சேரியில் மத்தியான வெயில். ஷாமியானாவுக்கு அப்பால் புதுக் கார்களை ஏற்றிய லாரிகள் கானலில் மிதந்து போயின. அவற்றில் எந்தக் காருக்குத் தொழிற்சாலையில் ரிச்சர்ட் கதவு மாட்டினானோ, தெரியாது.

துக்கம் கேட்க வந்தவர்களில் வைத்தியம் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. கேன்டீன் சோறுதான் காரணம் என்றார் ஒருவர். பரோட்டா என்றார் இன்னொருவர். அவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு இந்தப் பக்கம் அம்மா அருள்மேரி, அந்தப் பக்கம் அப்பா மைக்கேல்ராஜ். அவர்களைத்தான் ஷாலினால் தாங்க முடியவில்லை.

"வவுத்துல புண்ணு கீதுன்னு தெரிஞ்சும் காரமா மீன்கொழம்ப ஊத்துனா இன்னா ஆவும்?" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"ஓ.டி. பாரு, ஓ.டி. பாருன்னு ராத்திரிலயும் வேலைக்குத் தொரத்துனது யாரு? தூங்கவுட்டீங்களா என் புள்ளைய?" என்றாள் அம்மா.

நேற்று ஆஸ்பத்திரியில் குடல் ஓட்டையாகி அவன் போனதிலிருந்து இதே பேச்சுதான். வாய் அடுத்தவரைக் குத்தினாலும் மனசு தன்னைத்தான் குத்திக்கொண்டிருந்தது. அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை.

உண்மை ஷாலினுக்கு மட்டும் தெரியும். வீட்டில் நாலு பேர் ரத்தத்தையும் பரிசோதித்த டாக்டர், முன்பொரு நாள் அண்ணனையும் அவளையும் உட்காரவைத்துச் சொன்னார். குடலில் வாழும் கிருமிகளை அடையாளம் காட்டும் மரபணு ரிச்சர்டுக்குப் பிறவியிலேயே பிசகியிருக்கிறது. அதனால் நோய் எதிர்ப்பு செல்கள் கவனிக்க வேண்டிய நேரத்தில் கோட்டைவிட்டுவிட்டு, அப்புறம் கண்மண் தெரியாமல் அடித்துச் சொந்தக் குடலையே புண்ணாக்குகின்றன. காரம் புண்ணை எரிக்கும், நோயைக் கொண்டுவராது. பிசகு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அது இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, இவனுக்கு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் ரிச்சர்ட் சிரித்தான். "வூட்ல சொல்லாத. கொழம்புன்னே நெனச்சிக்கினு போவட்டும். அவங்க ரத்தத்துலேந்து வந்துச்சின்னு தெரிஞ்சா ஒடஞ்சிடுவாங்க."

இப்போது அம்மா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு முனகினாள். "இந்தக் கைதான் அவனக் கொன்னுடுச்சி."

ஷாலின் துணியைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா. கொழம்பும் இல்ல, ஓ.டி.யும் இல்ல. பொறக்கும்போதே ரத்தத்துல இருந்துகீது. டாக்டர் சொன்னாரு."

"யாரு ரத்தத்துல?" அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

மன்னிச்சுடுண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ரெண்டு பேருதுலயும்ப்பா. ஆளுக்குப் பாதி."

அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தபடி ஷாலின் துணியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். அண்ணனைத் தூக்கும்வரை குழம்பு, ஓ.டி. என்ற பேச்சு மறுபடி எழவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். அம்மாவால் குனிய முடியவில்லை. வெறுங்கையோடு குழியைப் பார்த்து நின்றாள். அப்பா ஒரு பிடி அள்ளினார். போடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து விரித்து, தன் மண்ணில் கொஞ்சத்தை அதில் கொட்டிவிட்டு, அவள் போடட்டும் என்று காத்திருந்தார்.