மூன்றாம் வளையம் வரைக்கும்

கிழக்கு மாகாணத்திலே ஒழுங்காகக் குடிக்கத் தெரிந்த மனிதன் ஒருவன்தான் உண்டு. அவன் பெயர் நிசாந். இதை ஊரார் சொல்லவில்லை. ஊராருக்கு அந்த அறிவு போதாது என்பதால் நிசாந்தே சொல்லிவந்தான்.

வயது இருபத்துமூன்று. பல்கலைக்கழக வளாகத்தில் முகாமைத்துவப் படிப்பு, மூன்றாம் வருடம். உலகத்தைக் கெடுத்தது குடி அல்ல, முகாமைத்துவம் இல்லாத குடி என்பது அவனுடைய முடிந்த முடிவு. அதற்கு ஒரு முறையும் வகுத்திருந்தான். கடற்கரையில் கவிழ்த்துவைத்த தோணிக்குப் பின்னால் இருந்து குடிக்கிறவர்கள் யாரும் கிளாஸ் கொண்டுபோவதில்லை. ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தலை நடுவால் வெட்டினால் அடிப்பாதிதான் கோப்பை. அதைச் சுற்றி வளையம் வளையமாக மேடு ஓடும். நிசாந்தின் சட்டம்: மூன்றாம் வளையம் வரைக்கும் சாராயம், அதற்கு மேல் சோடா. அப்படி இரண்டு. மூன்றாவதை யார் நீட்டினாலும் கையால் மறிப்பான்.

"நான் குடிக்கிறேல்லை மச்சான், நிர்வகிக்கிறன்" என்பான். சிரிக்காமல் சொல்வான்.

அந்த நிர்வாகி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆசுப்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில், நாலாம் கட்டிலில், உதட்டுக்குக் கீழே நாடியில் ஆறு தையலோடு கிடந்தான். சட்டையின் முன்பக்கம் முழுக்க, வயிற்றிலிருந்து வந்த சத்தி. அது காய்ந்து கஞ்சி போட்டதுபோல விறைத்துநின்றது. பொக்கற்றுக்குள் ஒரு கணவாய்த் துண்டு, விழுங்கின வடிவம் மாறாமல் இருந்தது. அதை எடுத்து எறிய அவனுக்கு அருவருப்பாக இருந்தது. எறியாமல் கிடக்கவும் அருவருப்பாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். காலையில் கடற்கரையிலிருந்து அத்தானின் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்தவன், டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்றைக் கண்டு வெட்டித் திருப்ப, ஓட்டோ சரிந்துவிட்டது. பொலிஸ்காரர் வந்து ஓட்டோவை நிமிர்த்தி, அவனைப் பின்சீற்றில் இருத்தி ஊதச் சொல்ல, ஊதுவதற்குப் பதிலாகச் சத்தியெடுத்தான். அவர்கள் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னேரம் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

"மான்தான் பிழை. சிக்னல் போடாமல் திரும்பினது" என்று தையல் போட்ட டொக்டருக்கு அவன் விளங்கப்படுத்தினான்.

மான் திரும்பவே இல்லை. வீதியோரத்தில் நின்று, யாரோ சோறு சுற்றி வீசிய லஞ்ச் சீற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. விழுந்தவனுக்குக் கிட்ட வந்து மணந்துபார்த்தது. தலையை உதறிவிட்டு லஞ்ச் சீற்றுக்கே போய்விட்டது.

ஓட்டோவின் கண்ணாடி போனதைப் பற்றி நிசாந் கவலைப்படவில்லை. அக்காவைப் பற்றித்தான் யோசித்தான். மதிவதனாவுக்கு இது எட்டாம் மாதம். அத்தான் கத்தாரில். அம்மாவும் அப்பாவும் ஈச்சிலம்பற்றில் வெள்ளாமையோடு. பாலையூற்று வீட்டில் அக்காவும் அவனும் மட்டும். பிள்ளைப்பேற்று நோ எடுத்தால் அவளை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிவர ஆள் வேணும். அதற்கென்றுதான் அத்தான் ஓட்டோவை விற்காமல் விட்டுப்போனார். "எந்த நேரமும் நான் இருக்கிறன்" என்று நிசாந் போனில் அத்தானுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இனி அக்கா தன்னை நம்பி ஏறுவாளா, மாட்டாளா? அந்த ஒரு கேள்விதான் தையல் போட்ட இடத்தைவிட அதிகமாக வலித்தது.

பக்கத்துக் கட்டிலில் இலங்கைத்துறைக் காசிநாதர். ஐம்பத்தைந்து இருக்கும். விடிய வெறியில் மதகிலிருந்து விழுந்தவர். சாரம் நனைந்து, கட்டிலுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக வடிந்தது. வாயைத் திறந்து மூச்சுவிட்டால் பழைய வலையை வெயிலில் போட்ட மணம். நிசாந் மூக்கைப் பொத்தினான்.

'சீ! இதுகளும் மனிசரோ? முறை இல்லை, அளவு இல்லை.'

அப்போது றம்ஸியா மிஸ் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே இருந்தார். கிண்ணியாக்காரி. முப்பது வயதுக்குள், தாதி உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, மடியில் ஒரு படிவம். குடித்துவிட்டு விழுந்து வருகிற ஆட்களோடு போகமுன் கொஞ்ச நேரம் கதைக்க வேணும் என்று அந்தப் பிரிவில் புது ஒழுங்கு. அது றம்ஸியாவின் பொறுப்பு.

"தம்பி, அஞ்சு நிமிசம் கதைக்கலாமா? வேணாமெண்டா சொல்லுங்க, போறன்."

"அறிவுரையோ மிஸ்?"

"இல்ல. கேள்விதான்."

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வாயில வைக்காத சாமானைப் பற்றி என்னட்ட என்னத்தைக் கேக்கப்போறியள்?"

"எனக்கின்னும் கலியாணமே ஆகல்ல" என்றார் றம்ஸியா, படிவத்தில் திகதியை எழுதியபடி. "ஆனா பிரசவ வாட்டில இருக்கக்க நூறு பிள்ளைக்கு மேல பிடிச்சிருக்கன். ஒண்டையும் கீழ போடல்ல. சொல்லுங்க, குடிக்கிறதில உங்களுக்குப் பிடிச்சது என்ன?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "கூட்டாளிமாரோட கதைக்கலாம். சிரிக்கலாம்."

"பிடிக்காதது?"

"மான்."

றம்ஸியா அதையும் எழுதினார். "சரி. நேத்து எத்தனை எடுத்தீங்க?"

"ரெண்டு." இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தவன்போல எழும்பி இருந்தான். "எப்பவும் ரெண்டு. நீங்கள் யாரையும் விசாரிக்கலாம்."

"என்னத்தில ரெண்டு?"

அவன் தன் முறையை விரிவாக எடுத்துச்சொன்னான். போத்தல், வெட்டு, வளையம், சட்டம். இந்த முறையை மாகாணம் முழுக்க அறிமுகப்படுத்தினால் இந்தக் கட்டில்கள் எல்லாம் காலியாகும் என்றும் சொன்னான். றம்ஸியா கடைசிமட்டும் கேட்டார். பிறகு எழும்பிப் போய், குப்பை வாளிக்குப் பக்கத்தில் கிடந்த ஒன்றரை லீற்றர் வெறும்போத்தலை எடுத்துக் கழுவி, பண்டேஜ் வெட்டுகிற கத்தரிக்கோலால் நடுவால் வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு யக்கில் தண்ணீர்.

"ஊத்துங்க. நேத்து ஊத்தின மாதிரியே."

நிசாந் கையை நீட்டி, கண் மட்டத்துக்குப் பிடித்து, மூன்றாம் வளையத்தில் நீர் தொடும்வரை ஊற்றினான். ஒரு துளி மிஞ்சவில்லை. அந்தத் துல்லியத்தைப் பார்த்துக் காசிநாதர்கூடத் தலையைத் தூக்கினார்.

றம்ஸியா ஐம்பது சீசீ ஊசிக்குழாயை எடுத்து, அதற்குள்ளிருந்து தண்ணீரை இழுத்தார். ஒரு தரம். யக்கில் விட்டார். இரண்டு தரம். மூன்று தரம். கோப்பை வற்றிவிட்டது.

"நூத்தம்பது. சாராயத்தில முப்பதைத்தான் நாங்க ஒண்டெண்டு எடுக்கிற. அப்ப இது ஒண்டில்ல தம்பி, அஞ்சு."

நிசாந் வற்றிய கோப்பையை மறுபடி கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.

"ரெண்டெண்டா பத்து. இண்டைக்குக் காலமை?"

"அது குடி இல்லை. நேற்றையது இறங்கிறதுக்கு மருந்து."

"மருந்து எத்தனையாம் வளையம்?"

"…மூண்டு."

"பதினஞ்சு" என்று றம்ஸியா எழுதினார். குரலில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை.

காசிநாதர் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார். "பிள்ளை, என்னையும் காலமை கேட்டனீங்களெல்லோ. எனக்கு எத்தனை வந்தது?"

"உங்களுக்குப் பன்னெண்டு ஐயா."

"பன்ரண்டுதானே." அவர் நிசாந்தை மேலும் கீழும் பார்த்தார். நாடியை, சட்டையை, பொக்கற்றை. பிறகு முகத்தைச் சுளித்து, சாரத்தின் காய்ந்த முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "படிச்ச பிள்ளை போல கிடக்கு" என்றார் துணிக்குள்ளால்.

நிசாந் பொக்கற்றைக் கையால் மூடினான். ஆனாலும் ஒரு வாட்டே பார்த்துக்கொண்டிருக்கையில் தோற்றுப்போக அவன் தயாரில்லை.

"சரி மிஸ், இப்ப என்ன? கோயில்ல சத்தியம் பண்ணட்டோ?"

"அதெல்லாம் வேணாம். குறைக்கிறதா இல்லையா எண்டது உங்கட முடிவு. நான் ஒண்டுதான் கேக்கிறன். வீட்டில ஒரு ஆளுக்கு இந்தப் பதினஞ்சை உங்கட வாயால சொல்லுங்க. திருந்துறன் எண்டு சொல்ல வேணாம். எண்ணிக்கையை மட்டும். ரெண்டெண்டு சொல்லிச் சொல்லி அது உங்களுக்கே ரெண்டாப் போயிட்டு. வேறொரு காதில விழுந்தா பிறகு அப்படிப் போகாது."

நிசாந் வாய்விட்டுச் சிரித்தான். தையல் இழுத்தது, பொருட்படுத்தவில்லை. கட்டிலில் முழங்காலில் நின்று, இரண்டு கையையும் கூப்பி, மூன்றாம் தர நாடகக்காரன்போலக் குரலை நடுங்கவிட்டான். "அக்கா! என்ர தெய்வமே! பதினைஞ்சு! கேட்டியோ, பதினைஞ்சு!" கையைக் கீழே போட்டான். "மிஸ், இது சின்னப் பள்ளிக்கூட வேலை. செய்த பிழையைச் சொல்லு, தின்ன ரொபி தாறன். வெக்கம் கெட்டவன்தான் அப்படிப் போய்ச் சொல்லுவான்."

காசிநாதர் இருமி இருமிச் சிரித்தார். றம்ஸியாவும் கொஞ்சம் சிரித்தார். "நல்லாச் செய்றீங்க" என்று சொல்லிவிட்டு, காசிநாதரின் சேலைனைப் பார்க்கப் போனார்.

அந்த நேரம் மதிவதனா வந்தாள். ஒரு கை இடுப்பில், மறு கையில் தம்பிக்கு மாற்றுச் சட்டை. வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. நாடியைப் பார்த்தாள். வேறெங்காவது அடியா என்று தோளையும் முழங்கையையும் தொட்டுப்பார்த்தாள். பிறகுதான் கேட்டாள்.

"எத்தனை குடிச்சனி?"

"ரெண்டுதான் அக்கா."

சேலைன் போத்தலை நிமிர்த்திக்கொண்டிருந்த றம்ஸியாவின் கை ஒரு கணம் நின்றது. அவர் திரும்பவில்லை. காசிநாதர் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார், தோள் குலுங்கியது.

"சட்டையைக் கழட்டு" என்று அக்கா குனிந்தாள். முதல் பொத்தானைக் கழற்றினாள். இரண்டாவதைக் கழற்றும்போது அந்த மணம் அவளைப் பிடித்துக்கொண்டது. வாயைப் பொத்தினாள், பின்னுக்குப் போனாள், ஏலாமல்போய்க் கட்டில் விளிம்பைப் பிடித்தாள். றம்ஸியா ஓடிவந்து பேசினை நீட்ட, மதிவதனா வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஓங்காளித்து ஓங்காளித்துச் சத்தியெடுத்தாள். காலையில் குடித்த தேத்தண்ணி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை; ஆனாலும் நிற்கவில்லை.

நிசாந் அசையாமல் இருந்தான். தன் உடம்பிலிருந்து கிளம்பிய நாற்றத்தை முதல்தரமாக வேறொருவருடைய மூக்கால் மணந்தான்.

மதிவதனா வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, கதிரையில் இருந்தாள். ஏசவில்லை. "இன்பாஸ் அண்ணாட்டச் சொல்லிப்போட்டன்" என்றாள். இன்பாஸ் அடுத்த ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிறவர். "எந்த நேரம் எடுத்தாலும் வாறன் எண்டவர். நீ இனி அதை யோசியாதை."

நீ யோசியாதை. அவள் அதைத் தம்பிக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் மோசம்.

பின்னேரம் பொலிஸ் வந்து, வழக்கு எழுதி, லைசன்சை வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு விட்டது.

அடுத்தநாள் காலை ஓட்டோவை முற்றத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பின்சீற்றில் முழு இரவும் ஊறிக் கிடந்தது அவனுடைய சத்தி. கதவுச்சீலையைத் தூக்கியதும் இலையான்கள் இரைந்துகொண்டு கும்பலாக எழும்பின. சீற்றின் தையல் இடுக்குக்குள் கச்சான் கோது, சோறு, பொரித்த நெத்தலித் தலை ஒன்று. அதன் கண் அவனைப் பார்த்தது. எறும்பு வரிசையாக வந்து அதைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தது. அக்கா இருந்து வரவேண்டிய சீற்.

சவர்க்காரம் போட்டுக் கழுவினான். டெற்றோல் ஊற்றினான். தேசிக்காய் தேய்த்தான். பழைய பல்துலக்கியால் இடுக்கை உரசினான். குனிந்து மணந்தான். போகவில்லை. இரண்டு தரம் ஓங்காளம் வந்தது, வேலிப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தான். மறுபடி கழுவினான். அதற்கிடையில் கடற்கரைக் கூட்டாளி சசி போன் எடுத்து, "என்ன மச்சான், மான் சுகமோ? சனிக்கிழமை வாறாய்தானே?" என்று கேட்டான். நிசாந் சொல்வதற்கு ஒரு பகிடி தேடினான். கிடைக்கவில்லை. பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டான்.

மதிவதனா குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து, மடியில் சுளகை வைத்துக் கீரை ஆய்ந்தாள். காற்று மாறி ஓட்டோப் பக்கமிருந்து வீசினால் மட்டும் முகத்தைத் திருப்பினாள்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். கிட்டப் போகவில்லை, தன் கை மணக்கும் என்று தெரியும். முற்றத்தின் நடுவில் நின்றான்.

"அக்கா."

"ம்."

"ரெண்டில்லை."

கீரைக்குள் அவள் விரல் நின்றது.

"பதினைஞ்சு" என்றான். நடுக்கம் ஒன்றும் போட்டுக் காட்டவில்லை. மெல்லத்தான் சொன்னான், அவளுக்குக் கேட்டதோ என்றுகூடத் தெரியவில்லை. "அளந்து பாத்தது. பதினைஞ்சு."

கேட்டிருந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தான், அழவில்லை. ஏசப்போகிறாள் என்று நினைத்தான். அதுவும் இல்லை. ஒரு கீரைத்தண்டை முறித்துச் சுளகில் போட்டாள்.

"இன்பாஸ் அண்ணாட நம்பர் உன்ர போனில இருக்கோ?"

"இல்லை."

"எனக்கு நோ எடுத்தால் நான் போனைத் தேடிக்கொண்டு இருக்கேலாது. நீதான் அடிக்கவேணும். சொல்லுறன், எழுது."

நிசாந் கையைச் சாரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு, போனை எடுத்தான்.