முன்னூற்று எண்பத்தேழும் ஒன்றும்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. மறைப்பானேன், என் கோபம்தான். பழைய கேமரா ஒன்று வாங்கினேன். விற்ற பெண், பையோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தாள். ‘ஷட்டர் எண்ணிக்கை 41,206. நானே சரிபார்த்தது’ என்று எழுதி, அடியில் கோடு வேறு இழுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து நான் பார்த்தேன். 41,594.

கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் இதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கேமராவுக்குள் ஷட்டர் என்று ஒரு சின்னத் திரை இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை திறந்து மூடும். அதற்கும் ஆயுசு உண்டு, ஆகவே எத்தனை முறை திறந்தது என்று கேமரா தனக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும். கேட்டால் லேசில் சொல்லாது. ஒரு படம் எடுத்து, அதற்கென்று உள்ள இணையதளத்தில் ஏற்ற வேண்டும். படத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை அது படித்துச் சொல்லும்.

(அதாவது, எண்ணிக்கையைப் பார்ப்பதற்கே ஒரு படம் செலவாகிறது. பார்க்கப் பார்க்க ஒன்று கூடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.)

ஆக வித்தியாசம் முன்னூற்று எண்பத்தெட்டு. அதில் ஒன்று நான் சரிபார்க்க எடுத்தது. மிச்சம் முன்னூற்று எண்பத்தேழு. நாற்பத்தோராயிரம் பார்த்த கேமராவுக்கு இதெல்லாம் கொசுக்கடி என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோடு இருக்கிறதே, எழுத்துக்கு அடியில் இழுத்த கோடு, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2

கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். நான் கதை எழுதுவேன். கத்துவதற்குத் தைரியம் வேண்டும்.

முதல் தொடக்கம்: ‘அவள் பொய்க்காரி என்பது அவள் எழுதிய ஆறாம் எண்ணின் சுழிப்பிலேயே தெரிந்தது. அந்தச் சுழிப்பில் ஒரு—’

ஒரு என்ன? ஆறு ஆறாகத்தான் இருந்தது. நல்ல கையெழுத்து. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஏமாற்றுகிறவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகையினர்—’

எனக்கு ஒரு வகையைக்கூடத் தெரியாது. நம்மை ஏமாற்றுகிறவர்கள் நின்று விளக்கம் சொல்லிவிட்டா போகிறார்கள்?

மூன்றாவதாக, எழுதுவதை நிறுத்திவிட்டு அவளுக்கே போன் போட்டேன். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, “நீங்க எழுதிக் குடுத்தது நாற்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு. உள்ள இருக்கிறது வேற” என்றேன்.

“வாய்ப்பே இல்லை சார். எட்டு மாசமா அது பீரோவுக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு.”

“தூக்கத்துல படம் எடுக்கும் போல.”

அவள், “நாளைக்குக் கூப்பிடறேன் சார்” என்று வைத்துவிட்டாள். சொன்னபடி மறுநாள் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினாள். இனி வருவது அவள் சொன்னது. இடைவெளிகளை நான் அடைத்திருக்கிறேன். சந்தேகம் வரும் இடங்களெல்லாம் என்னுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

அவளுக்குப் பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், மருமகள் என்றே இருக்கட்டும். இந்தக் கதையில் அவள் மாட்டிக்கொள்வது அந்த உத்தியோகத்தில்தான்.

சம்பளம் வரும் உத்தியோகம் வேறு. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் இணையப் பக்கத்துக்குப் படம் எடுப்பவள். ஒவ்வொரு ஃபிரேமையும் வெள்ளை அட்டை மேல் வைத்து முன்னால், பக்கத்தில், மடித்து என்று மூன்று படம். அந்தக் கேமராவில் இருந்த நாற்பத்தோராயிரத்துச் சொச்சமும் கண்ணாடிகள். மூக்கும் இல்லை, முகமும் இல்லை. கடையில் புதுக் கேமரா கொடுத்தார்கள். பழையதிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிப் புதியதில் போட்டுக்கொண்டாள். கழற்றும் முன் பார்த்த எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி, சீட்டைப் பையில் செருகி, பையைப் பீரோவில் வைத்தாள். எட்டு மாதம் கழித்து நான் வந்து வாங்கினேன். விற்கும்போது மறுபடி பார்க்கத் தோன்றவில்லை. பீரோவுக்குள் இருப்பது ஏன் கூடப்போகிறது?

வீட்டில் மாமியாரும் உண்டு. மகன் வாரத்தில் ஐந்து நாள் வெளியூர் வேலை, ஆகவே பெரும்பாலும் இந்த இரண்டு பேர்தான். மாமியார் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர்.* எதைக் கொடுத்தாலும், சாவியோ, சாப்பாட்டு டப்பாவோ, “நகர்றதுக்கு முன்னாடி சரிபார்த்துக்கோ” என்பார். கவுண்டருக்கு மேல் தொங்கிய பலகையில் இருந்த வாசகம், நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் ஜன்னல் ஓரத்து நாற்காலியை விட்டு நகரவில்லை. யாரோடும் பேச்சில்லை. டாக்டரிடம் காட்டினார்கள், சத்து மாத்திரை கொடுத்தார். ஒரு பலனும் இல்லை.

ஆனால் இந்த ஏழெட்டு மாதமாக மனுஷி ஆளே மாறிவிட்டார். லிஃப்டில் போகிறவர் வருகிறவர் எல்லோரும், “என்னம்மா, சௌக்கியமா?” என்கிறார்கள். மருமகளுக்கு ஒரே ஆச்சரியம். மாத்திரை தாமதமாக வேலை செய்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

* கவுண்டர் கண்ணாடியில் கை நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை, முப்பத்தோரு வருஷமும் அவர் பார்த்தது கைகளை மட்டுமே என்று இங்கே ஒரு அருமையான வாக்கியம் எழுதியிருந்தேன். மருமகளிடம் படித்துக் காட்டினேன். “இல்ல சார், முகமும் நல்லாத் தெரியும்” என்றாள். எடுத்துவிட்டேன். மனசில்லாமல்தான்.

4

என் போன் வந்த சாயங்காலம். மாமியார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் கிள்ளிக்கொண்டிருந்தார். மருமகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, நான் வித்தேனே ஒரு கேமரா, அதை நடுவுல யாராவது எடுத்தாங்களா?”

“யாராவது என்ன யாராவது? நான்தான் எடுத்தேன்.”

பரிசு அறிவித்ததும் மேடைக்கு எழுந்து வருகிற தோரணையில் சொன்னார்.

“நீங்களா? எதுக்கு?”

“கேமராவை எதுக்கு எடுப்பாங்க, காய் நறுக்கவா? போட்டோ பிடிக்கத்தான். பீரோவுல பழைய ஸ்வெட்டர் தேடினப்ப கண்ணுல பட்டுச்சு. கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர், ‘அம்மா, என்னை ஒண்ணு எடுங்களேன்’னார். எடுத்தேன். அழகா வந்துச்சு. அதுலருந்து தினமும் நீ கிளம்பினப்புறம் ஒரு ரவுண்டு. கீழ்த்தளத்துத் தையல்காரர்லருந்து மேல டேங்க் கழுவ வர்றவர் வரைக்கும் ஒருத்தரை விடலை.”

“அழகா வந்துச்சா? எங்க பார்த்தீங்க?”

“பின்னாடி கண்ணாடியில பளிச்சுனு வருதே. ஓரத்துல என்னமோ பொடி எழுத்து, தேதியா இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் நின்னுட்டு உள்ள போயிடுது.”

இரண்டு நிமிஷம் இல்லை, நாலைந்து விநாடி. அந்தப் பொடி எழுத்து தேதியும் இல்லை. ‘டெமோ’. கார்டு இல்லாவிட்டாலும் கிளிக் செய்ய விடும் வசதி அந்தக் கேமராவில் உண்டு. கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக வைத்தது. படத்தைக் காட்டும், உடனே மறந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் மறக்காது.

மருமகள் ஒரு பீன்ஸை எடுத்து நார் கிள்ளினாள். ஏற்கெனவே கிள்ளியது அது.

“ரெண்டாம் மாடியில ரெண்டு வீடு, வண்டி நிறுத்தற இடத்துக்காக மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தாங்களே,” என்று மாமியார் தொடர்ந்தார். “ரெண்டு பேரையும் ஒரே படத்துல நிக்க வெச்சேன். ‘ஒட்டி நில்லுங்க, இல்லைன்னா ஓரம் வெட்டுப்பட்டுடும்’னு ஒரு போடு போட்டேன். ஒட்டிட்டாங்க! அதுல ஒரு வீட்டுக்காரங்க போன மாசம் காலி பண்ணிட்டாங்க. பிரிண்ட் போட்டு அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், என் மருமக போட்டுக் குடுப்பான்னு. எப்பம்மா போடறே?”

“போடறேன் அத்தை.”

“நல்லவேளை, விக்கும்போது கேட்டேன். உள்ள இருக்கிறதெல்லாம் எடுத்து வெச்சுட்டியான்னு. எடுத்தாச்சுன்னே.”

ஆமாம், சொல்லியிருந்தாள். மூக்குக் கண்ணாடிப் படங்களை நினைத்துச் சொன்னது.

5

இங்கே நான் மருமகளைச் சந்தேகப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். என் கோபத்தை ஆற்றுவதற்காக ஒரு மாமியாரை ஜோடித்துவிட்டாளோ? நானே நாலைந்து மாமியார்களை ஜோடித்தவன், எனக்கு எப்படித் தோன்றாமல் இருக்கும்? கேட்டும் விட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரும்மா, கேமரா வாங்கினவரா? நல்லா வேலை செய்யுதான்னு கேளு!”

கோபம் போன இடம் தெரியவில்லை. ஜோடித்த மாமியார்கள் அவ்வளவு சத்தமாகப் பேச மாட்டார்கள்.

மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சார், எனக்குப் பயமா இருக்கு. படமே இல்லைன்னு சொன்னா மறுபடியும் அந்த நாற்காலியில போய் உட்கார்ந்துடுவாங்க. எல்லார் முன்னாடியும் தலைகுனிவு ஆயிடும். நேத்து நான் ‘போடறேன்’னதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, காலையிலருந்து நான் லிஃப்ட்லயே ஏறலை. மூணு மாடியும் படியிலதான். லிஃப்ட்ல ஏறினா, ‘எங்க போட்டோ?’ங்கிறாங்க. நீங்க கதை எழுதறவர்தானே, ஒரு முடிவு சொல்லுங்க.”

முடிவு கேட்டால் எழுத்தாளனுக்கு வருகிற பெருமை இருக்கிறதே! காகிதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முடிவு அ. கம்ப்யூட்டர் கெட்டுப்போய் எல்லாம் அழிந்துவிட்டதென்று ஒரு பொய். (இது அவள் கணவன் போனில் சொன்ன யோசனை. சொல்லிவிட்டு மீட்டிங் இருக்கிறதென்று வைத்துவிட்டான்.) கூடாது. மாமியார் தினமும், “ரிப்பேர் பண்றவன் என்ன சொன்னான்?” என்று கேட்பார். ஒரு பொய்க்குத் தினமும் சோறு போட வேண்டியிருக்கும்.

முடிவு ஆ. எல்லோரையும் மறுபடி நிற்க வைத்து முன்னூற்று எண்பத்தேழையும் திரும்ப எடுப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. காலி செய்துகொண்டு போனவர்கள்? அன்றைக்கு அந்த இரண்டு வீடும் ஒட்டி நின்ற அந்த நிமிஷம்? அதை எப்படி—

முடிவு இ. உண்மையைச் சொல்லிவிடுவது. ‘அத்தை, உள்ளே ஒன்றுமே—’

பேனாவை மூடிவிட்டேன்.

மூன்றையும் போனில் படித்துக் காட்டியதும் மருமகள் பெருமூச்சு விட்டாள். “சார், ஞாயித்துக்கிழமை ஒரு நாள் அந்தக் கேமராவைத் தர முடியுமா?”

“என்ன பண்ணப் போறீங்க?”

“தெரியலை. கையில இருந்தா ஏதாவது தோணும்.”

கொடுத்தேன். புதுக் கார்டு ஒன்று போட்டேன். கார்டு இல்லாவிட்டால் கிளிக் ஆகாதபடி அமைப்பையும் மாற்றிவைத்தேன். எண்ணிக்கை 41,594 என்று என் நோட்டில் எழுதி, நானும் அடியில் ஒரு கோடு இழுத்தேன்.

6

திங்கட்கிழமை கேமரா திரும்பி வந்தது. என் கார்டு வரவில்லை. அதற்கெல்லாம் நான் இப்போது கோபப்படுவதில்லை, வளர்ந்துவிட்டேன். வேறொரு கார்டு போட்டு, ஜன்னலை ஒரு படம் எடுத்து, ஏற்றிப் பார்த்தேன். முன்னூறு கூடியிருக்கும், நானூறுகூட இருக்கலாம் என்று எதிர்பார்த்தேன்.

41,596.

ஜன்னல் என்னுடையது. அதைக் கழித்தால் அவர்கள் எடுத்தது ஒன்று. ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு ஒரே ஒரு படம்.

என்ன படம்? ‘படிக்கட்டில் மேலிருந்து கீழாக அத்தனை பேரும் நெருக்கியடித்து நிற்க, காலி செய்துகொண்டு போன வீட்டுக்காரரும் மூச்சிரைக்க ஓடிவந்து—’ என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு, முன்னூற்று எண்பத்தேழு படங்களில் ஒன்றில்கூட மாமியார் இல்லையே, எடுத்தவர் அவர்தானே என்று தோன்றியது. ‘தையல்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், லிஃப்ட் மெக்கானிக் கேமராவை வாங்கிக்கொண்டு—’ என்று இன்னொரு பக்கம். பிறகு, பையிலிருந்து எடுக்கும்போது கை தவறிப்பட்டதாக இருந்தால்? அதற்கு ஒரு வரி போதும் என்பதால் அதை எழுதவே இல்லை.

கேமராவைத் திரும்பப் பைக்குள் வைத்தபோதுதான் சீட்டு கண்ணில் பட்டது. பழைய சீட்டு என்று நினைத்தேன். இல்லை. மருமகள் கையெழுத்தும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்காக எழுதி எழுதிப் பழகிய உருண்டை எழுத்து.

‘ஒன்றே ஒன்று எடுத்தோம். நகருமுன் சரிபார்த்துக்கொள்ளவும்.’

அடியில் இரண்டு கோடு.

ஆக, அவருக்குத் தெரிந்துவிட்டது. கேமரா எண்ணும் என்பதும், எட்டு மாதம் அது என்ன எண்ணியது என்பதும். தெரிந்த பிறகுதான் இதை எழுதியிருக்கிறார், கோடு போட்டிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதிக்காட்ட முடியாது. அறையில் யாரும் இல்லை, சத்தமாகவே சிரித்தேன்.

உடனே போன் போட்டேன். “எப்படிச் சொன்னீங்க? என்ன படம் அது?”

“அத்தை சொல்லக் கூடாதுன்னுட்டாங்க சார். ‘கதை எழுதறவர்தானே, அவரே எழுதிக்கட்டும்’னாங்க.”

அவளுக்குப் பின்னால் ஒரே கூட்டச் சத்தம். லிஃப்ட் கதவு திறக்கும் ஓசை. எல்லாக் குரல்களுக்கும் மேலாக அந்தக் குரல்: “ஒட்டி நில்லுங்கப்பா! ஓரம் வெட்டுப்பட்டுடும்!”

“மறுபடியும் எடுக்கிறாங்களா? எதுல?” என்றேன். அதில் கார்டு இருக்கிறதா என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

7

அதற்குப் பிறகு நான் ஒரு படமும் எடுக்கவில்லை. கேமரா இதோ, எழுதுகிற மேசை மேலேயே இருக்கிறது. எண் 41,596-ல் நிற்கிறது. நான் ஒருமுறை அழுத்தினால் அது நகர்ந்துவிடும், அப்புறம் அவர்களுடைய அந்த ஒன்று மற்ற ஆயிரங்களோடு கலந்துவிடும். நாளை காலை அழுத்தத்தான் போகிறேன். பூட்டி வைக்கவா வாங்கினேன்?

அதற்குள் அந்த ஒரு படத்தில் யார் யார் என்று நீங்கள் தீர்மானித்துவிடுங்கள். என்னுடைய இரண்டு பக்கம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள். நாற்காலியும் உண்டு, படிக்கட்டும் உண்டு. காலி செய்துகொண்டு போனவர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லி அனுப்புங்கள், தூரத்திலிருந்து வர வேண்டும். மூன்று மாடி ஏறி இறங்கிய மருமகளையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லோரையும் நிறுத்தி முடித்ததும் ஓரங்களை ஒருமுறை பாருங்கள். நகருமுன் சரிபார்த்துக்கொள்ளவும்.