மந்தைவெளியில் படுத்த கிளட்ச்

மந்தைவெளி சிக்னலில் பச்சை விழுந்தும் எங்கள் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பின் சீட்டில் கல்யாணப் பெண்ணாக என் மகள் ரெனிட்டா, பக்கத்தில் பூச்செண்டோடு என் நாத்தனார் கரோல் அக்கா. சாந்தோம் கோயிலில் நாலு மணிக்குக் கல்யாணப் பூசை. மூன்றரை தாண்டிவிட்டது.

“கியர் விழல, நோரா. கிளட்ச் தரை வரைக்கும் போவுது” என்றார் கிளிஃபர்ட்.

என் புருஷனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சர்க்கரை செய்த வேலை. தன் அப்பாவின் பழைய ஃபியட்டான இந்த வண்டியில் இருந்த முரட்டுக் கிளட்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் காலால் லேசாக மிதித்தால் போதும் என்கிற ஆயில் கிளட்சைத் தன் கையாலேயே மாட்டினார். மகளைத் தானே கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அது ஒன்றுதான் மனுஷனுக்கு ஆசை. வீட்டில் ஒருத்தர் விடாமல் வேண்டாம் என்றார்கள். நான் ஒருத்திதான் சரி என்றேன்.

பின்னாலேயே தன் காரில் வந்த கொழுந்தன் பிலிப் இறங்கி ஓடி வந்தான். நாலு பேர் சேர்ந்து எங்கள் வண்டியை ஓரம் தள்ளினார்கள்.

“அந்தக் காலுக்கு உணர்ச்சியே கெடையாது. எவ்ளோ மிதிக்கறன்னு எப்டிண்ணே தெரியும்? நான் அப்பவே சொன்னேன். ரெனிட்டா, என் வண்டில ஏறு.”

“நான் அப்பாகூடத்தான் வருவேன், சித்தப்பா.”

கிளிஃபர்ட் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை உருவி பிலிப்பிடம் கொடுத்தார். “போம்மா. தப்பு என் கால்லதான் போல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை எழுப்பிவிட்டு, பட்டுப்புடவையை வழித்துக்கொண்டு நானே உட்கார்ந்து மிதித்தேன். பழைய மெத்தையில் கால் வைத்தமாதிரி பெடல் அடிவரை போயிற்று.

“இது எந்தக் காலு, பிலிப்? இதுக்கு உணர்ச்சி இருக்கு இல்ல? வா, நீயும் ஒருவாட்டி மிதிச்சுப் பாரு.”

கிளிஃபர்ட் போய் பானெட்டைத் தூக்கினார்.

“காலைல நல்லா இருந்துச்சு. சூடானப்புறம்தான் படுத்துடுச்சு.” கிளட்ச் ஆயில் டப்பியின் மூடியைத் திருகினார். “லீக்னா கொறைஞ்சிருக்கணும். இது நான் ஊத்துனதவிட மேல நிக்குது.”

விரலில் ஒரு துளி தொட்டு, கொதிக்கிற சைலன்சர் குழாயில் உதறினார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தமாதிரி துள்ளியது.

“இதுல தண்ணி கலந்திருக்கு. எஞ்சின் சூட்டுல கொதிச்சு ஆவியாயிடுது. மிதிச்சா அந்த ஆவிதான் அமுங்குது.”

“யாரு வேல இது?” என்றேன்.

கரோல் அக்கா பூச்செண்டோடு வண்டியிலிருந்து இறங்கினார். “நான்தான். நேத்து பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி வண்டிய மந்திரிச்சப்போ, கிளட்ச் எதுன்னு கிளிஃபர்ட்டக் கேட்டேன். அந்த டப்பியக் காட்டுனான். அவன் கால் பத்திரமா இருக்கணும்னு வேளாங்கண்ணி தீர்த்தம் கொஞ்சம் ஊத்துனேன்.”

நான் திட்ட வாயெடுத்தேன். கிளிஃபர்ட் கையைக் காட்டி அடக்கினார்.

“மிச்சம் இருக்காக்கா?”

கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. அவர் துணியை நனைத்து, எஞ்சினுக்கு அடியில் கையை விட்டு, அந்த ஆயில் போய்ச் சேரும் கிளட்ச் சிலிண்டரின் மேல் போட்டார். மீதித் தீர்த்தத்தையும் அதன் தலையிலேயே ஊற்றினார். குப்பென்று புகை வந்தது.

“ஆறுனா ஆவி திரும்பத் தண்ணியாயிடும். கோயில் வரைக்கும் தாங்கும். ஆனா நடுவுல நிக்கக் கூடாது, நின்னா மறுபடி சூடாயிடும்.”

காத்திருந்தோம். அந்த நேரத்தில் எனக்கு ஜெபம்கூட ஞாபகம் வரவில்லை. கடைசியில் அவர் உட்கார்ந்து, அதே இடது காலால் மிதித்தார். பெடல் பாதியில் இறுகி நின்றது.

“சாவி குடு.”

பிலிப் கொடுத்துவிட்டு முன்னால் போனான். சாந்தோம் திருப்பத்தில் தன் காரைக் குறுக்கே போட்டு மற்ற வண்டிகளை நிறுத்தினான். நான் ஜன்னலில் தலையை நீட்டி வழி விடச் சொல்லி வழியெல்லாம் கத்தினேன். தொண்டையே கட்டிவிட்டது.

கோயில் வாசலில் போய் நின்றபோது பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. பிலிப் ஓடி வந்து அண்ணனைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினான்.

“என் காலு நல்லாத்தான் இருக்கு” என்றார் கிளிஃபர்ட். “நீ பொண்ணு பக்கம் கதவத் தொற.”